ஹேவ்லாக் தவிர

நவம்பர் 3, ஞாயிறு

பிப்ரவரியில் முக்குளிக்கப் போவது முடிவாகிவிட்டது. எங்கே என்பதுதான் முடிவாகவில்லை. போகிறவர்கள் இரண்டு பேர்: நானும் என் மனைவியின் தம்பி கோமதிநாயகமும். போன வருடம் இருவரும் புதுச்சேரியில் ஸ்கூபா கற்றுக்கொண்டு சான்றிதழ் வாங்கினோம். பதினெட்டு மீட்டர் வரை இறங்கலாம். எனக்கு அறுபத்தொன்று, அவனுக்கு ஐம்பத்து நான்கு.

இந்த வயதில் இது எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். மூட்டுவலிக்கு நீச்சல் நல்லது என்று மருத்துவர் சொன்னார். நீச்சலுக்கு அடுத்த படி இது. வேறு காரணம் இல்லை.

முப்பத்து நான்கு ஆண்டுகள் நாளிதழில் நிருபராக இருந்தேன். துறைமுகம், பிறகு நீதிமன்றம், கடைசியில் மாநகராட்சி. ஒரு செய்தியை இரண்டு பேர் தனித்தனியே உறுதிசெய்யாமல் அச்சுக்கு அனுப்பியதில்லை. பவளத்திட்டு தேர்வதையும் அப்படியே செய்யப்போகிறேன். பரிசீலனையில் இருப்பவை மாலத்தீவு, லட்சத்தீவு, இலங்கையின் திருகோணமலை, கர்நாடகக் கடலில் நேத்ராணி, அந்தமானில் ஹேவ்லாக்.

ஹேவ்லாக்கைச் சேர்த்தது நாயகம். நான் அல்ல.

நவம்பர் 6, புதன்

திருகோணமலை நீங்கியது. அங்குள்ள பத்திரிகை நண்பரைப் போனில் பிடித்தேன். “பெப்ரவரியில எங்கட பக்கம் கடல் சரியில்லை ஐயா. சித்திரைக்குப் பிறகு வாங்கோ, நானே கூட்டிக்கொண்டு போறன்” என்றார். விடுதி நடத்தும் ஒரு பெண்மணியும் அதையே சொன்னார். இரண்டு பேர். முடிந்தது.

நேத்ராணியும் நீங்கியது. ஒரே ஒரு தீவு, ஒரு நாள் வேலை. “ஒரு நா முங்குறதுக்கு ரெண்டு நா ரயில்லயா? நான் வரல அத்தான்” என்று நாயகம் சொல்லிவிட்டான். நியாயம்தான்.

மின் கட்டணம் கட்டியாயிற்று. மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

நவம்பர் 10, ஞாயிறு

ஞாயிறு காலை பத்தரைக்கு என் மனைவி சங்கரவடிவு சமையலறையில் நின்றபடி எங்கள் மகள் ஆவுடையிடம் போனில் பேசுவாள். ஆவுடை ஒரே மகள். ஹேவ்லாக்கில் ஸ்கூபா பயிற்றுநராக இருக்கிறாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடைமேல் வைத்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டே பேசுவது வடிவின் வழக்கம். நான் அந்த நேரத்தில் கூடத்தில் பேப்பர் படிப்பேன். இன்று வாழைப்பூ ஆய வேண்டியிருந்ததால் சமையலறை வாசலில் உட்கார்ந்தேன். போன வாரம் கீரை. அதற்கு முந்தின வாரம் சின்ன வெங்காயம்.

அங்கே நீரின் வெப்பம் இந்த வாரம் இருபத்தொன்பது டிகிரியாம். இருபது மீட்டர் வரை தெளிவாகத் தெரிகிறதாம். ஒப்பீட்டுக்குப் பயன்படும் என்று குறித்துக்கொண்டேன்.

“அப்பா எப்படி இருக்காங்க?” என்று கேட்டாள்.

“இருக்காவ. வாழைப்பூ ஆயுதாவ.”

“அப்பாவா!” என்று சிரித்தாள். ஸ்பீக்கரில் அந்தச் சிரிப்பு கரகரத்தது. வடிவுக்கு நல்ல போனாக ஒன்று வாங்க வேண்டும்.

எனக்கும் ஆவுடைக்கும் மூன்று ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. நடந்ததைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கையில், வேண்டாம் என்றாள். பத்திரிகை கொடுத்து முடித்திருந்தோம். காரணம் கேட்டேன். சொல்லவில்லை. ஒரு மாதம் தினமும் கேட்டேன். அப்போதும் சொல்லவில்லை. பையனின் அலுவலகம், அவன் முன்பு குடியிருந்த வீட்டுக்காரர், கல்லூரித் தோழர்கள் என்று நானே போய் விசாரித்தேன். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. யார் யார் என்ன சொன்னார்கள் என்பதைப் பெயர்களோடு அவளிடம் எடுத்துச் சொன்னேன். மறுவாரம் ஆடிட்டர் அலுவலக வேலையை விட்டுவிட்டு அந்தமானுக்குப் போய்விட்டாள்.

என் விசாரணையில் பிழை இருந்ததாக இன்றுவரை யாரும் காட்டவில்லை.

நவம்பர் 16, சனி

மாலத்தீவு நல்ல இடம்தான். ஆனால் விமானம் இறங்கிய பிறகு படகு, படகுக்குப் பிறகு இன்னொரு படகு. நாயகத்துக்குப் படகு ஆடினால் வாந்தி வரும்.

மிச்சம் லட்சத்தீவும் ஹேவ்லாக்கும். நீரின் தெளிவு, நீரோட்டம், பவளத்தின் நிலை, மருத்துவமனையின் தூரம், போய்வரும் வசதி, சாப்பாடு என்று ஆறு அளவுகோல்கள் வைத்து மதிப்பெண் போட்டேன். ஹேவ்லாக் முதலிடம் வந்தது. அளவுகோல்கள் போதவில்லை என்று பட்டது. “நம் வீட்டார் யாரும் இதுவரை போகாத இடம்” என்பதை ஏழாவதாகச் சேர்த்தேன். அதற்கு மட்டும் இரட்டை மதிப்பெண்.

இப்போது லட்சத்தீவு முதலிடம்.

நவம்பர் 17, ஞாயிறு

நாயகம் வந்திருந்தான். பம்மலில் பெயின்ட் கடை வைத்திருக்கிறான், ஞாயிறு விடுமுறை. மதிப்பெண் தாளை எடுத்துப் பார்த்தான்.

“இது என்னத்தான் ஏழாவதா ஒண்ணு?”

“தேவையான அளவுகோல்.”

“நம்ம வீட்டாளு போகாத இடம்னா எங்க கடைக்குப் பின்னால ஒரு கெணறு கெடக்கு. அங்க முங்குவமா?”

“விளையாடாத நாயகம்.”

“யாரு விளையாடுதா? பாண்டிச்சேரில மொத நாளு மாஸ்க்குக்குள்ள தண்ணி போயி மூணு நாளு இருமிக்கிட்டுக் கெடந்திய. விட்ருங்க அத்தான்னு கால்ல விழாத கொறையாச் சொன்னேன். கேட்டியளா? முட்டுக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாராம். எந்த டாக்டரு அது? முட்டு வலிக்கவன் கடலுக்கு அடியிலயா போவான்?”

உள்ளேயிருந்து வடிவு குரல் கொடுத்தாள். “அவியள விடுல. மார்க்கு போட்டு முடியட்டும்.”

இவர்களோடு ஒரு விஷயத்தை முறையாக விவாதிக்க முடிவதில்லை. மதியம் மட்டன் குழம்பு. நாயகம் மூன்று முறை சோறு வாங்கினான்.

நவம்பர் 24, ஞாயிறு

முருங்கைக்கீரை ஆய்ந்தேன். ஹேவ்லாக்கில் மழை.

டிசம்பர் 8, ஞாயிறு

லட்சத்தீவு என்று முடிவு செய்து பதிவும் செய்தாயிற்று. நுழைவு அனுமதிக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. இன்று காலை வடிவு போனில் இதைச் சொன்னாள். “போனை அப்பாகிட்ட குடும்மா” என்று அந்தப் பக்கமிருந்து கேட்டது.

என் கையெல்லாம் அவரை நார். துடைத்துக்கொண்டு வாங்கினேன்.

“அப்பா.”

“ம்.”

“லட்சத்தீவா?”

“ஆமா. பிப்ரவரில.”

“நல்ல இடம்ப்பா. அப்போ தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். நாளைக்கு எத்தனை டைவ்?”

“ரெண்டு.”

“ரெண்டு போதும். மூணாவதுக்குக் கூப்பிட்டா போகாதீங்க. சளி பிடிச்சிருந்தா இறங்கவே கூடாது. உங்களுக்கு அடைச்சா இடது காதுதானே திறக்க லேட்டாகும்? மெதுவா இறங்குங்க. அவசரப்படுத்துறவங்ககூடப் போகாதீங்க.”

“காது விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?”

“மாமா சொன்னாங்க.”

“நல்லாத்தான் தேர்ந்தெடுத்திருக்கீங்க” என்றாள். போனை வடிவிடம் கொடுத்துவிட்டேன்.

ஐந்து வாரம் விசாரித்து எடுத்த முடிவை அந்தத் தொழிலில் இருப்பவளே சரி என்கிறாள். இதைவிட நல்ல உறுதிப்பாடு வேண்டியதில்லை.

டிசம்பர் 9, திங்கள்

தூக்கம் சரியில்லை. தலையணை மாற்ற வேண்டும்.

டிசம்பர் 12, வியாழன்

லட்சத்தீவுப் பதிவை ரத்து செய்தேன். அனுமதி தாமதமாகும் போலிருந்தது. அனுமதி நேற்றே வந்துவிட்டதாக நாயகம் போனில் சொன்னான். இருக்கலாம். ரத்து செய்தது செய்ததுதான்.

ஹேவ்லாக் போகிறோம். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு நேராக விமானம் இருக்கிறது, அங்கிருந்து ஒரே கப்பல். தமிழ் பேசுகிறவர்கள் நிறைய, சாப்பாட்டுக்குக் கவலையில்லை. ஏழாவது அளவுகோல் அறிவியல்பூர்வமானது அல்ல என்று தெரிந்ததால் நீக்கிவிட்டேன். அந்தத் தீவில் எந்த ஸ்கூபா நிலையம் என்பதை நாயகத்திடம் விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் நானே செய்ய முடியாது.

“அப்ப மார்க்கு?” என்றான்.

“திருத்தியாச்சு.”

போனில் அவன் வடிவைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னான். சொன்னேன். வடிவு உளுந்து வறுக்கப் போனாள். முறுக்குக்காம். விமானத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்றேன். “சுட்டுப் பாத்துக்கிடுதேன்” என்றாள்.

ஜனவரி 19, ஞாயிறு

வடிவையும் வரச் சொன்னேன். கடல் காற்று ஒத்துக்கொள்ளாது என்கிறாள். பதினைந்து ஆண்டுகளாகத் தினமும் மெரினாவில் நடக்கிறவள்.

பிப்ரவரி 11, செவ்வாய். ஹேவ்லாக்

விடியற்காலையில் கிளம்பும்போது வாசல் வரை வந்த வடிவு, ஆட்டோக்காரர் காதில் விழாத குரலில் சொன்னாள்: “அவகிட்ட அந்தக் கேள்விய மட்டும் கேக்காதிய. மறுபடியும் கேட்டியன்னா, அவ நம்ம வீட்டுப் பக்கமே வர மாட்டா. எனக்கு ஒரு மகதான் இருக்கா.”

பையை ஆட்டோவில் ஏற்றினேன். கேட்க வேண்டியதைக் கேட்காமல் வந்தவன் என்று என்னை யாரும் சொன்னதில்லை. மூன்று ஆண்டு ஆறவிட்டாயிற்று. இப்போது பக்குவமாகக் கேட்டால் சொல்லிவிடுவாள். என்ன சொற்களில் கேட்பது, எங்கே ஆரம்பிப்பது என்பதை விமானத்திலேயே தீர்மானித்துவிட்டேன்.

கப்பல்துறையில் ஆவுடை நின்றுகொண்டிருந்தாள். நாயகம் பதிவு செய்த நிலையம் அவள் வேலை பார்க்கும் நிலையமாம். எதிர்பாராதது. முடியைக் கட்டையாக வெட்டியிருக்கிறாள். நல்ல கறுப்பாகியிருக்கிறாள். தோள் அகன்றிருக்கிறது.

“வாங்கப்பா. மாமா, கப்பல்ல வாந்தி எடுத்தீங்களா?”

“ரெண்டு தரம்தான்” என்றான் நாயகம், சாதனைபோல.

என் பையை வாங்கினாள். கனம் என்று மறுத்தேன். “தினமும் சிலிண்டர் தூக்குறேன்ப்பா” என்று ஒரு கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பிப்ரவரி 12, புதன்

காலை எட்டு மணிக்குப் படகு. படகோட்டி ஒருவர், ஆவுடை, நாங்கள் இருவர். இறங்குவதற்கு முன் அவள் விதிகளைச் சொன்னாள். எல்லோருக்கும் சொல்வதுபோலத்தான் சொன்னாள், அப்பா என்று பார்க்கவில்லை.

“விரல்ல வளையம் காட்டினா, ‘சரியா இருக்கீங்களா?’ன்னு கேக்கறேன். நீங்களும் வளையம் காட்டினா, ‘சரி’. கட்டை விரலை மேல காட்டினா, டைவ் முடிஞ்சுது, எல்லாரும் மேல போறோம். இதை யாரு வேணா காட்டலாம், எப்ப வேணா காட்டலாம். ஒருத்தர் காட்டிட்டா அப்பீல் கிடையாது. ஏன்னு கேக்கக் கூடாது. கீழயும் கேக்கக் கூடாது, படகுக்கு வந்த பிறகும் கேக்கக் கூடாது.”

கட்டை விரல் விதியைப் புதுச்சேரியிலும் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசி வாக்கியம் எனக்குப் புதிது. நாயகம் திடீரென்று கடலை உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்தான்.

“காரணம் தெரியாம விட்டா, அடுத்த தடவை அதை எப்படித் தவிர்க்கிறது?” என்று கேட்டேன். நியாயமான கேள்வி. எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்கக்கூடியது.

ஆவுடை மாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். “அவங்களாச் சொன்னா கேட்டுக்கலாம்ப்பா. ஆனா காரணம் சொல்லியே ஆகணும்னு ஆயிட்டா, மேல வர வேண்டியவங்க, என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே கீழ இருந்துடுவாங்க. அப்படித்தான் ஆள் போகுது.”

மாஸ்க்கை என்னிடம் நீட்டினாள். “உங்களுது. நல்லா இறுக்கிக்குங்க.”

இரண்டு முறை இறங்கினோம். பவளம் சில இடங்களில் வெளுத்திருக்கிறது, பல இடங்களில் உயிரோடு இருக்கிறது. இரண்டையும் எழுத வேண்டும். கிளிமீன்கள் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் பொரிகடலை மெல்லுவதுபோலக் காதில் விழுந்தது. இடது காது திறக்கத் தாமதமானபோது ஆவுடை எனக்காக நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சைகையில்கூட அவசரப்படுத்தவில்லை.

மாலையில் கேட்கலாம் என்றிருந்தேன். அவளுக்குச் சிலிண்டர் நிரப்பும் வேலை இருந்தது. நாளை இரண்டு முக்குளிப்புக்கும் நடுவே ஒரு மணி நேரம் படகில் ஓய்வு உண்டு. அதுதான் சரியான இடம். யாரும் எழுந்து போக முடியாது.

பிப்ரவரி 13, வியாழன்

காலை முதல் முக்குளிப்பு. பதினாறு மீட்டர். நீரோட்டம் இல்லை. பெரிய களவா மீன் ஒன்று பாறைக்கடியில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஒரு ஆமை எங்களைப் பொருட்படுத்தாமல் மேய்ந்தது. நாயகம் அதன் பின்னாலேயே போகப் பார்த்தான், ஆவுடை அவன் கால் துடுப்பைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

அவள் முன்னால் போனாள், ஆனால் முன்னால் பார்த்துப் போகவில்லை. பாதி உடம்பை எங்கள் பக்கம் திருப்பியபடியே நீந்தினாள். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை என்னைப் பார்த்து விரலில் வளையம் காட்டினாள். சரியா? நானும் வளையம் காட்டினேன். சரி. மறுபடி கொஞ்ச தூரம். சரியா? சரி. எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை.

பிறகு நான் கட்டை விரலை மேலே காட்டினேன்.

ஆவுடை என் கண்ணைப் பார்த்தாள். அதே சைகையை எனக்குத் திருப்பிக் காட்டினாள், நாயகத்துக்கும் காட்டினாள். என் முன்கையைப் பிடித்தாள். கிளம்பினோம். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுதான் மேலே போக வேண்டும், அது விதி. எதிரெதிரே நின்றோம். அவள் என் கையை விடவில்லை. இடது புருவத்துக்கு மேலே சின்னதாக ஒரு தழும்பு இருக்கிறது. இரண்டாம் வகுப்பில் அம்மை போட்டபோது வந்தது. மறந்தே போயிருந்தேன்.

படகில் ஏறியதும் படகோட்டி தேநீர் கொடுத்தார். நாயகத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“அத்தான், என்ன…”

“மாமா” என்றாள் ஆவுடை. அவ்வளவுதான். அவன் பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு, தானாகவே எழுந்து படகின் முன்பக்கம் போய்விட்டான்.

என் சிலிண்டரில் பாதிக்குமேல் காற்று இருந்தது. கழற்றும்போது அவள் அதைப் பார்த்தாள். காதில் வலியில்லை, மூச்சில் தடையில்லை. அதையும் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா எள்ளுப்பொடி குடுத்தனுப்பினாங்களா?”

“ரெண்டு டப்பா. முறுக்கும் இருக்கு.”

“சாயங்காலம் இட்லி ஊத்துறேன். மிக்சில அரைச்ச மாவுதான். கல்லு மாதிரி இருந்தா திட்டக் கூடாது.”

“உங்கம்மா இட்லி மட்டும் என்ன” என்றேன்.

“ஐயோ, இருங்க, ஞாயித்துக்கிழமை சொல்றேன் அவங்ககிட்ட.”

அவள் காரணம் கேட்பாள் என்று காத்திருந்தேன். பதில்கூடத் தயார்செய்து வைத்திருந்தேன், இரண்டு விதமாக. படகில் கேட்கவில்லை. கரையில் கேட்கவில்லை. சாப்பிடும்போதும் கேட்கவில்லை. கேள்வியை வாய்க்குள் அடக்கிவைத்திருக்கும் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இவள் எதையும் அடக்கவில்லை. இவளிடம் கேள்வியே இல்லை. கீழே இருந்த ஆள் மேலே வந்தாயிற்று, அதோடு சரி.

நான் திட்டமிட்ட ஒரு மணி நேரம் திட்டமிட்டபடியே அமைந்தது. பக்கத்தில் அவள், தூரத்தில் நாயகம், சுற்றிலும் தண்ணீர். நாங்கள் இட்லியைப் பற்றிப் பேசினோம். மாடிக் குழாய் ஒழுகுவதைச் சொன்னேன். வாஷர் மாற்றினால் போதும் என்றாள்.

“அடுத்ததுக்கு இறங்குறீங்களா, இல்ல படகுலயே இருக்கீங்களா? ரெண்டும் ஓகேதான்.”

“இறங்குறேன்.”

முழு நேரமும் கீழே இருந்தேன்.

இட்லி கல் மாதிரிதான் இருந்தது. எட்டு சாப்பிட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

காலையில் வடிவு கூப்பிட்டாள்.

“கேட்டியளா?”

“இல்ல.”

“நெசமாவா? அவளாச் சொன்னாளா?”

“இல்ல.”

“அப்ப ரெண்டு நாளா என்னதான் பேசுனிய?”

“உன் இட்லியப் பத்தி.”

“அதுல பேச என்ன இருக்கு?” பிறகு விஷயத்துக்கு வந்தாள். “சித்திரைல பத்து நா லீவு போட்டு வருதேன்னு நேத்து ராத்திரி மெசேஜ் அனுப்பியிருக்கா. நீங்க ஏதும் சொன்னியளா?”

“இல்லியே.”

“சரி, அது கெடக்கட்டும். நேத்து பாதியில மேல வந்துட்டியளாமே? நாயகம் சொன்னான். என்னாச்சு?”

“ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கேன்.”

“நல்லா இருக்கவிய ஏன் மேல வந்திய?”

“அதை மட்டும் கேக்காத வடிவு.”

வடிவு சிரித்தாள். “சரி. கேக்கல” என்றாள்.

ஏன் மேலே வந்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இங்கேயும் அதை எழுதப்போவதில்லை.

இன்று கடைசி நாள். ஆவுடை வாசலில் நின்று கூப்பிடுகிறாள், படகு தயாராம்.